கண் இல்லாத வீரனுக்கு எல்லம்மாள் வைத்த கண்

கீழ்பென்னாத்தூரிலிருந்து எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும், வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே எங்காவது ஒரு முனீஸ்வரன் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் போய் நின்றால் அவர் முழங்கால் உயரம்தான் நாம். முறுக்கிய மீசை, மடியில் கத்தி, பிதுங்கி நிற்கும் இரண்டு கண்கள். அந்தக் கண்களைப் பார்த்ததும் பஸ்ஸுக்குள் இருப்பவர்கள் தங்களை அறியாமல் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அப்படிப் போட்டுக்கொள்ள வைக்கும் கண்களில் பாதிக்கு மேல் எல்லம்மாள் வைத்தவை.

எல்லம்மாள் படித்தது ஐந்தாவது வரைக்கும். வாக்கப்பட்டது சுதைச் சிலை செய்யும் குடும்பத்தில். புருஷன் பெயர் சக்கரவர்த்தி. "பேரு சக்கரவர்த்தி, சாம்ராஜ்யம் ரெண்டு சிமெண்டுச் சட்டி" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். கல்யாணமான புதிதில் அவளுக்கு மணல் சலிக்கிற வேலை, தண்ணீர் தூக்கிக் கொடுக்கிற வேலை. ஒரு ஊரில் கண் திறக்க நேரம் குறித்து, ஊரே பொங்கல் பானையோடு வந்து நிற்கும்போது சக்கரவர்த்திக்குக் குளிர் ஜுரம் வந்துவிட்டது. கை உதறுகிறது. நேரமோ தப்பக் கூடாது. எல்லம்மாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈரப் புடவையோடு சாரத்தில் ஏறினாள். கருமணியை வைத்துவிட்டு அவள் விலகினபோது, முன்னால் நின்ற ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். அன்றிலிருந்து எந்த ஊர்க்காரர் வந்தாலும், "ஒடம்ப நீங்க செய்யுங்க, கண்ணு அந்தம்மா வெக்கட்டும்" என்பதுதான் பேச்சு.

கண் வைக்கிற நாளில் அவள் பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்க மாட்டாள். முதலில் விழி, பிறகு இமை, கடைசியாகக் கருமணி. கருமணி வைத்தவுடன் சிலைக்குக் கண்ணாடி காட்ட வேண்டும். பிறகு பசுவையும் கன்றையும் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். புதுக் கண் முதலில் பார்ப்பது நல்லதாக இருக்க வேண்டும் அல்லவா. கண் திறக்கிற வரைக்கும் அது சிமெண்டு. திறந்த பிறகு அது நம்மைப் பார்க்கிறது. எத்தனை வருஷம் ஆனாலும் அந்த நொடியில் அவளுக்கு மயிர்க்கூச்செறியும். நம்ம கையில் என்ன இருக்கிறது, எல்லாம் அண்ணாமலையார் போட்ட பிச்சை என்று மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவாள்.

அப்பேர்ப்பட்டவளிடம்தான் ஆதவன் வந்தான்.

ஆதவன் அடி அண்ணாமலைப் பையன். பெங்களூரில் வேலை பார்த்து, இப்போது ஊரிலேயே கிரிவலப் பாதையை ஒட்டி ஒரு ஷெட் போட்டு, கூட்டாளிகளோடு கம்ப்யூட்டர் விளையாட்டு தயாரிக்கிறவன். அந்த விளையாட்டில் வருகிற வேற்றுக் கிரகத்து வீரன் ஒருவனை ஆபீஸ் வாசலில் எட்டடி உயரத்துக்கு நிற்க வைக்க வேண்டும், பௌர்ணமியன்று திறப்பு என்று சொல்லி, ஒரு பெரிய படத்தைக் கொடுத்துவிட்டுப் பெங்களூருக்குப் போய்விட்டான்.

எல்லம்மாள் அந்தப் படத்தைத் தரையில் விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்து, சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள்.

புளியமரத்துப் பட்டை மாதிரி வெடித்த தோல். நான்கு கைகள். கீழ்க் கைகள் இரண்டும் தூண் மாதிரி. மேல் கைகள் இரண்டும் கழுத்தடியில் முளைத்து மெலிந்து, பூத்தொடுக்கிற விரல்களோடு இருந்தன. மார்பில் மீன் செவுள் மாதிரி வரிவரியாகப் பிளவுகள். முதுகில் இரண்டு தோள்பட்டையிலிருந்தும் பிறை வடிவத்தில் பக்கத்துக்கு ஒரு எலும்புக் கத்தி. தலை மட்டும் ஆற்றுக் கல் மாதிரி வழவழவென்று இருந்தது. முகத்தில் ஒன்றுமே வரையவில்லை.

அவள் மனசு குளிர்ந்துபோனது.

"பாத்தியா, எவ்ளோ படிச்ச புள்ள. கண்ண நமக்குனு வுட்டு வெச்சிக்கீது. முறை தெரிஞ்ச வீடு" என்றாள்.

சக்கரவர்த்தி குனிந்து பார்த்தார். "கண்ண மட்டுமா வுட்டுக்கீது? மூக்கையும்தான் காணோம்."

"மூக்கு அவங்க ஊர்ல இல்லாம இருக்கலாம். கண்ணு இல்லாம எப்டி சண்ட போடுவாங்க? பேசாம கம்பியக் கட்டு."

கம்பி வளைக்க வெல்டிங் பட்டறை ஜானி பாஷா வந்தார். சாமி சிலைக்கு அவர் கம்பியோடு நிறுத்திக்கொள்வார், அதற்கு மேல் பக்கத்தில் வர மாட்டார். இது சாமி இல்லை என்று தெரிந்ததும் அவருக்கு ஒரே உற்சாகம். முதுகுக் கத்திக்குத் தகடு அடித்து, தானே தூக்கிக்கொண்டு வந்து பொருத்தினார்.

"எல்லம்மா, உங்க ஆளுக்கு நாலு கை கீதே, டீ கிளாஸ எந்தக் கையில புடிப்பான்?"

"வாயே இல்ல பாய் அவனுக்கு. டீ செலவு கம்மி."

ஆபீஸ் வாசலிலேயே சாரம் கட்டிச் செய்த வேலை நன்றாக வந்தது. செங்கல் வைத்து, கலவை பூசி, பட்டைத் தோலுக்குத் தென்னம்பாளையால் கோடு இழுத்து, மார்புப் பிளவுகளைக் கோடாக மட்டும் கீறி வைத்து, கடைசியாக முகத்துக்கு வந்தாள். வீரன் என்றால் அவளுக்குத் தெரிந்த வீரன் முனீஸ்வரன்தான். ஆகவே அந்த மாதிரியே இரண்டு விழிகளைப் பிதுக்கி, புருவத்தை ஏற்றி, இமையை இழுத்துவிட்டாள். கருமணியை மட்டும் நேரம் பார்த்து வைக்கலாம் என்று விட்டுவைத்தாள். இறங்கி வந்து பார்த்தால் அவளுக்கே பயமாக இருந்தது. அவ்வளவு அழகு.

திறப்புக்கு முதல் நாள் காலையில் ஆதவன் வந்தான். பைக்கை நிறுத்தினவன் ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து அப்படியே நின்றான்.

"வாங்க தம்பி. கண்ணு தெறக்க நல்ல நேரம் உங்க வீட்டுல பாத்துட்டாங்களா? பசுமாட்டுக்கு நான் சொல்லிட்டேன்" என்றாள் எல்லம்மாள்.

ஆதவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். சிலையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "அக்கா, கண்ணு ரொம்ப நல்லா இருக்கு."

"ஆனா?"

"ஆனா ஒண்ணும் இல்லக்கா."

"மூஞ்சி சொல்லுது. சொல்லுங்க."

"அவங்களுக்குக் கண்ணு கிடையாதுக்கா" என்றான் ஆதவன், ஏதோ குற்றம் செய்தவன் மாதிரி.

எல்லம்மாளுக்குப் புரியவில்லை. "குருடங்களா?"

"குருடு இல்ல. பொறந்ததுலேருந்து யாருக்குமே இல்ல. அந்த எனத்துக்கே இல்ல."

சக்கரவர்த்தி கையிலிருந்த பீடியைக் கீழே போட்டு மிதித்தார். ஜானி பாஷா சும்மாவாவது ஒரு போல்ட்டைத் துடைக்க ஆரம்பித்தார்.

"முறைக்குத்தான் வுட்டு வெச்சிக்கீறீங்கனு நெனச்சேன்" என்றாள் எல்லம்மாள். அவள் குரல் இறங்கிவிட்டது.

ஆதவன் பதறிப்போனான். "தப்பு என்னுதுதான்க்கா. நான் சொல்லியிருக்கணும். விடுங்க, இப்படியே இருக்கட்டும். நாளைக்கு வர்றவங்களுக்கு என்னா தெரியப் போவுது?"

"அதான் சரி" என்றார் சக்கரவர்த்தி. "இம்மாம் அழகான கண்ண எவன் வேணாம்னுவான்?"

எல்லம்மாள் மணல் குவியல் மேல் உட்கார்ந்தாள். "அவங்க யாரு தம்பி? மொதல்லேருந்து சொல்லுங்க" என்றாள்.

ஆதவனும் மணலில் உட்கார்ந்தான். எதிரில் உட்கார்ந்து கதை கேட்கிறவர்களைப் பார்த்து அவனுக்கே முதலில் கூச்சமாக இருந்தது. சொல்லச் சொல்ல அது போய்விட்டது.

அந்த இனத்தின் பெயர் ஹுருமர். "உறுமரா?" என்றார் சக்கரவர்த்தி. "அப்படியே வெச்சிக்கங்க" என்றான் ஆதவன். அவர்கள் ஊருக்கும் ஒரு சூரியன் இருக்கிறான். ஆனால் வானத்தை அடைத்துக்கொண்டு எப்போதும் புழுதி மேகம். ஒரு பொட்டு வெளிச்சம் தரைக்கு வந்தது கிடையாது. வெளிச்சமே இல்லாத ஊரில் கண் எதற்கு? அதனால் கண் வரவில்லை. அதற்குப் பதிலாக மார்பு திறந்துகொண்டது. அந்தப் பிளவுகளால்தான் கேட்பார்கள். எறும்பு நடந்தால் கேட்கும். பத்து மைலுக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஒருத்தரின் நெஞ்சு அடிப்பது கேட்கும். ஒவ்வொருத்தருக்கும் அடிப்பு வேறு வேறு. நாம் முகத்தைப் பார்த்து ஆளைச் சொல்கிற மாதிரி, அவர்கள் நெஞ்சடிப்பைக் கேட்டு ஆளைச் சொல்வார்கள்.

"யப்பா" என்றாள் எல்லம்மாள், மெல்ல.

சண்டைதான் அவர்கள் பிழைப்பு. மேட்டுக் குலம், பள்ளத்துக் குலம் என்று இரண்டு பிரிவு. எதற்கு ஆரம்பித்த சண்டை என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. சண்டை போடப் போட முதுகில் கத்தி முளைக்க ஆரம்பித்தது. பாட்டன் காலத்தில் நகம் அளவு. பேரன் காலத்தில் அரிவாள் அளவு. ஆயுதம் செய்ய வேண்டியதில்லை, உடம்பே செய்து கொடுத்தது. எதிராளி எங்கே ஒளிந்தாலும் நெஞ்சடிப்பு காட்டிக்கொடுத்துவிடும். ஒளிய இடமே இல்லாத சண்டை.

"அப்புறம்?"

"கடைசியா ஒரு பெரிய போர்க்கா. வத்திப்போன ஒரு கடல். இந்தக் கரையில ஒரு சேனை, அந்தக் கரையில ஒரு சேனை. எல்லாரும் அசையாம நிக்கறாங்க. எதிராளியோட அடிப்பு எங்கேனு கேட்டாத்தான வெட்ட முடியும்? அதனால மூச்சக்கூட அடக்கிக்கிட்டு கேக்கறாங்க. அவங்க கேக்கறாங்க, இவங்களும் கேக்கறாங்க. அப்படிக் கேட்டுக்கிட்டே நிக்கும்போது, லட்சக்கணக்கான நெஞ்சு கொஞ்சம் கொஞ்சமா ஒண்ணா அடிக்க ஆரம்பிச்சிடுச்சு."

ஜானி பாஷா போல்ட்டைத் துடைப்பதை நிறுத்தினார்.

"ஒரே அடிப்பு. கடல் முழுக்க. எது நம்மாளு, எது எதிராளினு யாருக்கும் தெரியல. யார வெட்டுறது? அப்படியே நின்னாங்க. அப்ப மேட்டுக் குலத்துத் தளபதி, ஒரு வயசான பொம்பள, தனியா நடந்து நடுவுல வந்தா. எதிரி சேனைக்கு முதுகக் காட்டி மண்டி போட்டா. 'இந்தக் கத்திய ஒடச்சிடுங்க, என் கைக்கு எட்டல'ன்னு நெஞ்சடிப்பாலயே சொன்னா."

"ஒடச்சாங்களா?"

"ஒடச்சாங்க. ஆனா கத்தி வருஷா வருஷம் திரும்ப முளைக்கும். உடம்புல ஊறினது போவாதுல்ல. அதனால வருஷத்துக்கு ஒருவாட்டி ஒவ்வொருத்தரும் எதிர்க் குலத்துக்காரன் வீட்டுக்குப் போய், முதுகக் காட்டி ஒக்காந்து, ஒடச்சிக்கிட்டு வரணும். சொந்தக்காரன் ஒடைக்கக் கூடாது. எதிராளிதான் ஒடைக்கணும்."

பாதையில் ஒரு வேன் போயிற்று. எல்லம்மாள் தலையைத் தூக்கிச் சிலையைப் பார்த்தாள். இத்தனை நாளும் தன் கையால் பூசிப் பூசி வளர்த்த உடம்பு அது. இப்போது யாரோ பெரிய வம்சத்து ஆள் வந்து நிற்கிற மாதிரி இருந்தது. எழுந்து நின்றாள். உட்கார்ந்திருக்க மனசு வரவில்லை.

"இந்தக் கண்ணு பொய்யி" என்றாள்.

"அக்கா, அதான் விட்டுடலாம்னு..."

"அப்பேர்ப்பட்டவங்க மூஞ்சில பொய்ய வெச்சிட்டு எப்டி வுடுறது தம்பி? ஆனா நான் வெச்ச கண்ண நானே எப்டி நோண்டுறது?"

அதுதான் அவள் சங்கடம். முப்பது வருஷத் தொழிலில் அவள் கண்ணைக் கொடுத்திருக்கிறாளே தவிர எடுத்ததில்லை. மழையில் மூக்கு உடைந்த சிலைக்கு மூக்கு வைத்திருக்கிறாள். கண்ணை எடுப்பது பெரிய பாவம். அதைச் செய்த கையால் மறுபடி எந்தச் சாமிக்குக் கண் வைக்க முடியும்?

ஜானி பாஷா தொண்டையைச் செருமினார். "இன்னும் கருமணி வெக்கலியே எல்லம்மா. தெறக்காத கண்ணு கண்ணே இல்லனு வெச்சிக்கலாமே."

"வயித்துல கீற புள்ளைக்கும்தான் கண்ணு தெறக்கல பாய்."

ஜானி பாஷா மறுபடி போல்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"நான் எடுக்கறேன், நீ அந்தாண்ட போ" என்றார் சக்கரவர்த்தி.

"நீ எடுத்தா மட்டும் நான் வெச்சது இல்லனு ஆயிடுமா? சும்மா இரு."

அன்றைக்கு மத்தியானம் அவள் சாப்பிடவில்லை. சிலையைச் சுற்றி நடந்தாள். முதுகுப் பக்கம் வந்து, அந்த இரண்டு கத்திகளுக்குக் கீழே வெகுநேரம் நின்றாள். மண்டியிட்ட அந்தப் பொம்பளையை நினைத்துக்கொண்டாள். உடம்பில் முளைத்ததை உடைக்கும்போது வலிக்காமலா இருக்கும்? வலிக்கும் என்று தெரிந்துதான் முதுகைக் காட்டினாள். உடைக்கிறவன் மேல் வைத்த நம்பிக்கை அது. உடைத்தவனுக்கும் பாவம் வரவில்லை, இரண்டு குலமும் பிழைத்தது. ஆக, உளி எடுக்கிற கை எல்லாம் காயப்படுத்துகிற கை இல்லை. எதை, யாருக்காக, எந்த மனசோடு எடுக்கிறோம் என்பது இருக்கிறது. இப்படி யோசித்து முடித்தபோது அவளுக்கு அழுகை வந்தது. ஆனால் மனசு தெளிந்துவிட்டது.

மறுநாள் விடிந்ததும், கண் வைக்கப் போகிற நாள் மாதிரியே தலைக்கு ஊற்றிக்கொண்டாள். ஈரப் புடவையோடு வந்தாள். மலையைப் பார்த்துக் கற்பூரம் ஏற்றினாள். சாரத்தில் ஏறி, சிலையின் கன்னத்தில் கையை வைத்து, "தெரியாம வெச்சிட்டேன்பா. உங்களுது இல்லாதத உங்களுக்கு குடுத்துட்டேன். எடுத்துக்கறேன், பொறுத்துக்கோ" என்றாள். முதல் அடிக்கு உளி வழுக்கியது. இரண்டாவது அடிக்கு வலது விழி பெயர்ந்தது. கீழே விழ விடாமல் முந்தானையில் பிடித்துக்கொண்டாள். இடது விழியையும் அப்படியே. புருவத்தையும் இமையையும் சீவி, புதுக் கலவை வைத்து, ஈரக் கையால் தடவித் தடவி வழவழப்பாக்கினாள்.

இறங்கி வந்து, மற்ற மூவரோடும் நின்று நிமிர்ந்து பார்த்தாள். கண் இருந்தவரை அது மிரட்டியது. இப்போது மிரட்டவில்லை. மேகம் மூடின நாளில் மலை இருக்கிற மாதிரி இருந்தது. எதிரில் நிற்கிறவன் தானாக அடங்கிப்போகிற மாதிரி.

"இதுதான்க்கா. என் மனசுல இருந்தது இதுதான்" என்றான் ஆதவன்.

"இன்னும் முடியல" என்றாள் எல்லம்மாள். "கண்ணு இல்லனா இன்னா, தெறக்க வேண்டியது ஒண்ணு கீதே."

மார்புப் பிளவுகளைக் காட்டினாள். அவை இன்னும் வெறும் கோடுகள்தான், ஆழமாக வெட்டவில்லை. மார்பில் புதுக் கலவையைத் தடிமனாகப் பூசி, சின்னக் கரணையால் ஒவ்வொரு வரியாக ஆழமாக வெட்டினாள். நடு வரியை மட்டும் திறக்காமல் விட்டு, கலவை இறுகாமல் இருக்க மார்பின் மேல் ஈரச் சாக்கைக் கட்டினாள்.

"இத எப்ப தெறக்கறது?" என்று கேட்டார் சக்கரவர்த்தி. "மாட்டுக்காரனுக்கு இன்னா சொல்றது? கண்ணாடிய அவனுக்குக் காட்டி பிரயோஜனம் இல்ல."

"அதான் யோசன. கண்ணுனா மொதல்ல நல்லதப் பாக்கணும். இவனுக்கு மொதல்ல நல்லது கேக்கணும்."

"மாடு கத்துனா போதாதா?" என்றார் ஜானி பாஷா. "இல்லனா என் கம்ப்ரசர ஓட்டிக் காட்றேன்."

"அத கேட்டா அவன் அவங்க ஊருக்கே திரும்பிப் போயிடுவான் பாய்."

மேளம் வைக்கலாம் என்றான் ஆதவன். கோயில் மணி என்றார் சக்கரவர்த்தி. எல்லம்மாள் எதற்கும் தலையாட்டவில்லை. சாயங்காலம், ஆதவன் திறப்புக்குக் கூப்பிட்டிருந்த பெங்களூர்க்காரர்கள் வந்துவிட்டார்கள். ஆபீஸ் வாசலில் நாற்காலி போட்டாகிவிட்டது. ஆதவன் இரண்டு தரம் வந்து அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனான். அவளோ பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெயில் தாழ்ந்தது. கிரிவலக் கூட்டம் வரத் தொடங்கியது. முதலில் ஒன்றிரண்டாக. பிறகு குடும்பம் குடும்பமாக. அப்புறம் எங்கே ஆரம்பம் எங்கே முடிவு என்று தெரியாமல், பாதை நிறைய ஜனம். எந்தெந்த ஊர்க்காரர்களோ, எந்தெந்த ஜாதிக்காரர்களோ. வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவர்கள் இருப்பார்கள். கோர்ட்டில் எதிரெதிராக நிற்கிறவர்கள் இருப்பார்கள். இங்கே எல்லாரும் செருப்பில்லாமல், ஒரே பக்கமாக நடக்கிறார்கள். அத்தனை பாதங்களும் தார் ரோட்டில் படுகிற சத்தம் தனித்தனியாகக் கேட்கவில்லை. ஒரே சத்தமாக, மழை நின்று பெய்கிற மாதிரிக் கேட்டது.

எல்லம்மாள் சாரத்தில் ஏறினாள். சாக்கை அவிழ்த்தாள். நடு வரியை ஒரே இழுப்பில் திறந்துவிட்டு ஒதுங்கினாள்.

யாரோ ஒருவர் "அண்ணாமலையாருக்கு" என்றார். பாதை முழுக்க "அரோகரா" என்றது. அது அடங்கியதும் மறுபடி அந்தப் பாதங்கள்.

எட்டடி உயரத்து வீரன் கண்ணில்லாத முகத்தோடு அதைக் கேட்டுக்கொண்டு நின்றான். எல்லம்மாளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எத்தனையோ சாமிகள் கண்ணைத் திறந்து பார்த்ததை அவள் பார்த்திருக்கிறாள். ஒருத்தன் கேட்க ஆரம்பிப்பதை இன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

ஆதவன் கீழே நின்று மெதுவாகக் கேட்டான். "கேட்டிருக்குமாக்கா?"

"நீங்க சொன்னதுதான தம்பி. பத்து மைலு கேக்கும்னீங்க. இது பத்தடிகூட இல்ல."

கைதட்டல், போட்டோ எல்லாம் ஆனது. சட்டி, கரணைகளைக் கழுவி ஜானி பாஷாவின் வண்டியில் ஏற்றிவிட்டு, எல்லம்மாளும் சக்கரவர்த்தியும் கிரிவலம் நடக்கலாம் என்று கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார்கள். ஆபீஸ் வாசலைத் தாண்டும்போது சக்கரவர்த்தியின் போன் அடித்தது. எடுத்தவர் வழக்கம்போல ஊருக்கே கேட்கிற குரலில், "ஆங், சொல்லுப்பா, இன்னாது, சரியா கேக்கல" என்று ஆரம்பித்தார்.

எல்லம்மாள் அவர் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"மெல்லப் பேசு. அவன் கேட்டுக்கினு கீறான்."

சக்கரவர்த்தி ஒருதரம் சிலையை நிமிர்ந்து பார்த்தார். போனை அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டு, அவளோடு அடியெடுத்து வைத்தார்.